என் மகன் வரைந்த கடலும் அதன் கீழே இருந்த எண்களும்

1

அன்று காலை ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மகன் இர்ஃபான் அழைத்தான். வேலை நேரத்தில் அவன் அழைக்கிறவன் அல்ல. எடுத்ததும் சலாம்கூடச் சொல்லாமல் கேட்டான்.

“அத்தா, சின்னத்தா ஒங்களுக்கு ஏதும் மெசேஜ் போட்டாரா?”

“இல்லையே. ஏன்?”

“இன்னைக்குப் படம் வரல.”

“டவர் கிடைச்சிருக்காதுடா. வரும்.”

“அங்க வாடை பலமா அடிக்குது அத்தா. இந்தக் காத்துல வெள்ளனே திரும்பிருவாரு. அங்க விடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது.”

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். இங்கே வந்து இருபது வருடத்தை நெருங்குகிறது. ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அவன் சின்னத்தா என்றது என் தம்பி ஹாஜாவை. எங்கள் ஊர் மணமேல்குடியில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறான்; ஊரில் அதைப் போட்டு என்பார்கள். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் வலையோடு போய் மறுநாள் காலையில் திரும்புவான். கடலில் விடியும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து, கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் இர்ஃபானுக்கு அனுப்புவான். எனக்கு அனுப்பியதில்லை. சின்னத்தாவும் மகனும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நானும் கேட்டதில்லை.

ஹாஜாவின் மனைவி மைமூனுக்குப் போன் போட்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள். “மீனு கூடுதலா பட்டிருக்கும் மச்சான், அதான் லேட்டு. நீங்க பதறாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மாலைக்குள் மீனவர் சங்கத்திலிருந்து அவளிடமே சேதி சொல்ல ஆள் வந்துவிட்டார். எல்லை தாண்டியதாகப் போட்டையும் நான்கு பேரையும் அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அதை ஊரில் எவரும் அறிவதற்கு முன்னால் அறிந்தவன், இந்துமகா சமுத்திரத்தின் இந்தப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த என் மகன்.

2

இர்ஃபான் ஓவியன் ஆனதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஊரில் யாராவது “மகன் என்ன பண்றாரு?” என்று கேட்டால், “பெயின்டர்” என்பேன். என் மச்சினன் ஒருத்தன் சபையிலேயே சிரித்தான். “வெள்ளையடிக்கவா மச்சான் பிளேன் ஏறிப் போனீங்க? நம்ம அறந்தாங்கியிலயே ஆள் தேடுறாங்களே.” அவனைக் குறை சொல்ல முடியாது. வாரநாட்களில் இர்ஃபான் செய்வது அதுதான். அந்தச் சம்பளத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மிச்ச நேரத்தில் படம் வரைகிறான்.

பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்து நின்றவன். என் மனைவி நூர்ஜஹான் அவனோடு பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு மட்டும் மேசைக்கு வரும். எனக்கு வேறு வழி தெரியாமல் ஹாஜாவைக் கூப்பிட்டு, “நீ சொன்னா கேப்பான், புத்தி சொல்லு” என்றேன். ஹாஜா சொன்ன புத்தி வேறாகப் போயிற்று.

“என்னடா வரையிற, காட்டு” என்று கேட்டிருக்கிறான். இவன் அப்போது எங்கள் தெருவையும் மரவேலிகளையும்தான் வரைந்துகொண்டிருந்தான். அனுப்பினான். ஹாஜாவின் குரல்பதிவை இவன் எங்களுக்குப் போட்டுக்காட்டினான்.

“என்ன மகனே, தெருவுல ஆளும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. ஊரே காலி பண்ணிட்டுப் போயிருச்சா? எனக்குப் பாக்கவே பயமா இருக்கு.”

நூர்ஜஹான் சிரித்துவிட்டாள். பேச்சு நின்று பல நாளுக்குப் பிறகு வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

அதற்கும் முன்னால் ஒரு பயணம் உண்டு. இர்ஃபானுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஊருக்குப் போயிருந்தோம். ஹாஜா அவனைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போனான். இரவெல்லாம் வாந்தி எடுத்தவன், காலையில் கரையில் இறங்கியதும் என்னிடம் சொன்னது, “அத்தா, தண்ணி கலர் மாறிக்கிட்டே இருக்கு. சின்னத்தா கலர் பாத்தே ஆழம் சொல்றாரு.” நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

படிப்பை விட்ட பிறகுதான் படங்கள் வரத் தொடங்கின. ஹாஜா கடலுக்குப் போகிற நாளெல்லாம் ஒன்று. இர்ஃபான் அவற்றைப் பார்த்து வரைவான், வரைந்ததை அனுப்புவான், குரல்பதிவில் பதில் வரும். “தண்ணி பரவால்ல. மேகம் பொய்யி. வாடையில மேகம் இப்படிக் குந்திக்கிட்டு இருக்காதுடா, ஓடும். ஈரத்துணிய ஒதறுனாப்ல போடு.” இவன் அழித்து மறுபடி போடுவான். இப்படியே ஆண்டுக்கணக்கில்.

அதில் அவனுக்குத் தமிழும் வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாங்கள் இழுத்துக்கொண்டு போனபோதெல்லாம் கழிப்பறையில் ஒளிந்தவன். இப்போது வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுகளைப் பெயர்சொல்லிப் பேசுகிறான். ஆனால் ‘வாடகை ஒப்பந்தம்’ என்றால் விழிக்கிறான். “நல்ல தமிழா பேசேன்டா, வலை இழுக்கிறவன் மாதிரிப் பேசுற” என்று நூர்ஜஹான் சலித்துக்கொண்டால், “வலை இழுக்குறவர்கிட்டதானம்மா படிச்சேன்” என்பான்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் கூடினால் ஒரே பேச்சுதான்: பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள். என் மகனும் என்னைத் தாண்டித்தான் போனான். ஆனால் அவன் போனது நான் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு. இதைச் சொன்னால் இங்கே யாரும் குறையென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு மட்டும் அது சில சமயம் நெஞ்சில் முள் மாதிரி இருக்கும்.

இந்தக் கடல் ஓவியங்களைப் பார்த்த ஒரு பெண்மணி, துறைமுகப் பக்கம் பழைய கிடங்கு ஒன்றில் ஓவியக்கூடம் நடத்துகிறவர், ஆறு படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி போடலாம் என்றார். அவனுடைய முதல் தனிக் கண்காட்சி. அது தொடங்க இருந்த வாரத்தில்தான் ஹாஜா பிடிபட்டான்.

3

மைமூன் பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்களோடு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். மீன்வளத்துறையில் போட்டுப் பதிவுச் சான்று கேட்டார்கள், கொடுத்தாள். ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தாள். அங்கிட்டுப் போங்க, இங்கிட்டுப் போங்க என்று அலைந்துவிட்டு ஆபீஸ் வாசலிலிருந்தே எனக்குப் பேசினாள்.

“எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க மச்சான். உக்காருங்கன்னு சேரு போடுறாங்க. அவுகளைப் பத்திக் கேட்டா, மேல எழுதிருக்கோம்ங்கிறாங்க.”

நான் இங்கே நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போன் செய்தேன். ஒரு இளம் குரல் பொறுமையாகக் கேட்டது. பிடிபட்டவர் இங்கே வசிப்பவரா? இல்லை. பிடித்தது இந்த நாடா? இல்லை. “அப்படியானால் நீங்கள் ஏன் எங்களை அழைக்கிறீர்கள், சார்?” நியாயமான கேள்வி. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கோர்ட் என்று தெரிந்தது. சங்கம் மூலமாக அக்கரையில் ஒரு வக்கீல் வைத்திருந்தார்கள். “இஞ்சின் நின்னு போச்சு, நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு, இதுதான் மொத தடவைன்னு சொல்லப்போறாகளாம்” என்றாள் மைமூன். “அது எடுபட்டா ஆள விட்டுருவாங்களாம். போட்டையும் கேட்டுப் பாக்கலாமாம்.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். இதுதான் முதல் தடவை.

4

வியாழக்கிழமை படங்களை மாட்ட உதவி வேண்டும் என்றான் இர்ஃபான். வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பிப் போனேன். ஆறு படங்களும் ஆள் உயரம். அவற்றை முழுதாக, ஒரே இடத்தில், நல்ல வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றுதான். மனசு நிறைந்தது என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் நிறைந்தும் இருந்தது. பிறகு ஒரு படத்தின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். என் முகத்துக்கு நேராக, நீலத்தின் மேல் வெள்ளையில், சின்னச் சின்னதாக எண்கள்.

“இது என்னடா?”

“லாட்டிட்யூட், லாங்கிட்யூட் அத்தா, எந்த எடம்னு காட்டுற நம்பரு. சின்னத்தா அனுப்புற படத்துல கீழ இருக்குமே.”

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஹாஜா அரசாங்கத் திட்டத்தில் வீடு கட்டியபோது, அஸ்திவாரம், சுவர், தளம் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். எடுத்த இடம் படத்திலேயே பதிய வேண்டும் என்று ஆபீசில் அவன் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். வீடு முடிந்து பால் காய்ச்சியாயிற்று. செயலியை அவன் எடுக்கவில்லை. அதே கேமராவில் கடலையும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். எந்த இடத்தில் நின்று எடுத்தான் என்பது ஒவ்வொரு படத்துக்கும் கீழே தானாக விழுந்திருக்கிறது.

போனை எடுத்து வரைபடத்தில் அந்த எண்களைப் போட்டேன். சிவப்புப் புள்ளி கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த படம். அந்தப் பக்கம். ஆறும் அந்தப் பக்கம்தான். போனை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டேன்.

“இதை எதுக்குடா எழுதின?”

“படத்துல இருந்துச்சு அத்தா.”

“இருந்தா எழுதிருவியா? ஒன் சின்னத்தா கோர்ட்ல போய் இதுதான் மொத தடவைன்னு சொல்லப்போறான். நீ இங்கிட்டு ஆறு தடவ போனான்னு எழுதி மாட்டிக்கிட்டு இருக்க!”

“இங்க வந்து யாரு அத்தா பாக்கப்போறா?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கண்காட்சி அழைப்பிதழை நூர்ஜஹான் பெருமை தாங்காமல் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டிருந்தாள். அங்கிருந்து அது புதுக்கோட்டையில் யூடியூப் சேனல் நடத்தும் ஒரு பையனுக்குப் போய், அவன் அன்று காலையில்தான் என்னோடு பேசினான். “சார், நம்ம மணமேல்குடிக்காரரு பையன் ஆஸ்திரேலியாவுல கலக்குறாரு. ஆறு படமும் அனுப்புங்க சார், வீடியோ போட்டுருவோம்.” சாயங்காலம் எடுத்து அனுப்புவதாக நானே சொல்லியிருந்தேன். அழைப்பிதழில் இருந்த படத்தில் அடிப்பகுதியை வெட்டியிருந்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, வேறென்ன சொல்வது.

“நம்பரை மறைச்சிரு. இல்லேன்னா மாட்டாத.”

“அது இல்லாம இது என்ன அத்தா? எந்த ஊருக் கடல்னும் சொல்லலாம். காலண்டர்ல வர்ற கடல் மாதிரி ஆயிரும். அவரு அந்த எடத்துல நின்னாரு. அதுதான் படமே.”

“அவன் அங்க நின்னதுக்குத்தான்டா இப்ப உள்ள இருக்கான்!”

கூடத்தின் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சண்டை போடுகிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். எதற்கு என்று எந்த மொழியில் சொன்னாலும் புரிந்திருக்காது.

இர்ஃபான் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். “சின்னத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்றான்.

“கேளேன். சிறைக்குப் போன் போட்டுக் கேளு.”

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் கண் கலங்கிவிட்டது. என் தம்பிக்காக என் வீட்டில் முதலில் கலங்கிய கண் அவனுடையது.

5

மறுநாள் காலை அவன் மறைத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று நானேதான் போனேன்.

ஒரு டப்பா நீலத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் இழுத்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் உட்கார்ந்து, அதன் அடியில் கிடந்த நிறத்தைத் தனித்தனியாகக் கலந்தான். ஒன்றில் சாம்பல் கூடியது, ஒன்றில் பச்சை. ஒரு புட்டியிலிருந்து எண்ணெய் சேர்த்துச் சேர்த்துக் குழைத்தான். எண்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. கடைசியில் எழுந்து தூரிகையைத் துடைத்தான்.

“போதுமா அத்தா?”

போதும் என்றேன்.

அன்று மாலை கண்காட்சி திறந்தது. நல்ல கூட்டம். தொப்பி அணிந்த ஒரு பெரியவர் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, “இது எங்கே?” என்று இர்ஃபானிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: “ஏதோ ஒரு கடல்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகாமல் பழரசம் இருந்த மேசைக்குப் போனார். நூர்ஜஹான் என் காதில், “என்னங்க, அவன் முகம் ஏன் செத்துக் கெடக்கு?” என்றாள். “அசதி” என்றேன். யூடியூப் பையனுக்கு, உடம்பு சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று செய்தி போட்டேன். அவன் இரண்டு கட்டைவிரல் படங்களை அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எதுவும் செய்யவில்லை. தொழுதேன், படுத்தேன், எழுந்தேன். அந்த எண்களை வேறு யாராவது முன்பே பார்த்திருப்பார்களோ, கொட்டகைக்கு வந்த நண்பர்கள் படம் எடுத்துப் போட்டிருப்பார்களோ என்று ஒவ்வொருவராக யோசித்தேன். இர்ஃபானைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இல்ல அத்தா” என்றான். மறுபடி கேட்டேன். மறுபடியும் “இல்ல அத்தா.” மூன்றாவது முறை அவன் போனை எடுக்கவில்லை.

6

திங்கட்கிழமை மதியம் மைமூன் பேசினாள். அழுதுகொண்டே பேசியதால் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. “விட்டுட்டாங்க மச்சான்” என்பது மட்டும் கேட்டது. ஆட்களை விட்டுவிட்டார்கள். மறுபடி எல்லைக்குள் வந்தால் சிறை என்று எச்சரித்து விட்டிருக்கிறார்கள். போட்டை விடவில்லை.

முகாம், விமானம், சென்னை, அங்கிருந்து வேன் என்று ஹாஜா வீடு வந்து சேர அந்த வாரத்தின் கடைசி ஆகிவிட்டது. அவன் அழைத்தபோது நான் ஓவியக்கூடத்தில்தான் இருந்தேன். படத்துக்கு வெளிச்சம் சரியில்லை என்று இர்ஃபான் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே, ஆளு எளச்சுப் போயிட்டேன்னு மைமூன் சொல்றா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க பருப்பு நல்லாத்தான் போட்டாங்க.”

“அல்ஹம்துலில்லாஹ். இஞ்சின் நின்னதுன்னு சொன்னத நம்புனாங்களா?”

“அட நீங்க வேற. வக்கீலே கடைசியில வேணாம்னுட்டாரு. எந்தெந்தப் போட்டு எப்பெப்ப வருதுன்னு அவங்களுக்குத் தெரியாதாக்கும்? ஒத்துக்கங்க, எச்சரிச்சு விட்டுருவாங்கன்னாரு. ஆமாய்யா வந்தோம், மீனு இங்கதான் இருக்கு, வந்தோம்னு ஒத்துக்கிட்டோம்.”

நான் இர்ஃபானைப் பார்க்கவில்லை. அவன் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

எண்களைப் பற்றி ஹாஜாவிடம் சொன்னேன். அவன் செயலி, இவன் எழுதியது, நான் மறைக்கச் சொன்னது எல்லாம். ஹாஜா சிரித்த சிரிப்பில் அங்கே பிள்ளைகள் என்ன என்ன என்று ஓடிவந்தார்கள்.

“வீட்டு லோனுக்குப் போட்ட கேமராவா? அட கூறுகெட்ட கேமராவே! ஏண்ணே, அத அழிச்சுட்டா நான் அங்கிட்டுப் போகாதவனா ஆயிருவனா? பாவம், எம்மகன் வேலையக் கெடுத்துட்டீங்களே.”

“சின்னத்தா” என்றான் இர்ஃபான். “கெடல. இன்னும் காயல. துடைச்சா வந்துரும்.”

“ஒரு வாரமாவா காயல?” என்று கேட்டேன். வெளியே டிசம்பர் வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

“மெதுவா காயுற எண்ணெய் கலந்தேன் அத்தா.”

“வேணும்னேவா?”

“ஆமா.”

ஹாஜாதான் பேசினான்.

“அப்படிப் போடு! சரி தொடச்சிரு மகனே, ஒன் சின்னத்தா போன எடம்தான, இருந்துட்டுப் போகட்டும். இரு, இரு. எந்தெந்தப் படம் வச்சிருக்க? ஒவ்வொண்ணாச் சொல்லு.”

இர்ஃபான் சொல்லிக்கொண்டே போனான். ஹாஜா ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றான். ஐந்தாவதில் நிறுத்தினான்.

“வானம் செவந்து, மிதவை வரிசையா வளைஞ்சு கெடக்குமே, அதுவா?”

“அதான் சின்னத்தா.”

“அத மட்டும் தொடைக்காத.”

“ஏன்?”

“டேய், அது என் பாருடா!” குரலைத் தாழ்த்தினான், மணமேல்குடியில் யாரோ ஜன்னலோரம் நின்று கேட்பதுபோல. கடலுக்கு அடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். “நானாக் கண்டுபிடிச்சது. கூட வர்ற பயலுகளுக்கே சரியாத் தெரியாது. அந்த நம்பர ஊருக்காரன் எவனாவது பாத்தான், மறுநாளே வலையப் போட்டுருவான். அழிச்சதே நல்லது. அப்படியே கெடக்கட்டும்.”

மூன்று பேரும் சிரித்தோம். இர்ஃபான் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். அவன் சிரிப்பு ஓயும் முன்னரே என் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஹாஜா, போட்டு அக்கரையில கெடக்கு.”

“ஆமாண்ணே.”

“திருப்பிப் போனா சிறைன்னு சொல்லி விட்டிருக்காங்க.”

“ஆமா.”

“அப்புறம் அந்த எடத்த யாரு பாத்தா ஒனக்கு என்ன?”

ஹாஜா அங்கே பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னான்.

“அங்க வெயிலு எப்படிண்ணே, ஜாஸ்தியா?” என்றான்.

போன் வைத்த பிறகு இர்ஃபான் இரண்டு துணிகளை டர்பன்டைனில் நனைத்து என்னிடம் ஒன்று நீட்டினான், அவன் ஒன்று எடுத்துக்கொண்டான். அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். நீலம் துணியில் ஒட்டிக்கொண்டு வர, அடியிலிருந்து வெள்ளை எண்கள் கொஞ்சம் மங்கலாக வெளியே வந்தன. மற்ற ஐந்து படங்களையும் துடைத்தோம். ஹாஜா துடைக்க வேண்டாம் என்ற ஐந்தாவதை மட்டும் அப்படியே விட்டோம்.

7

கண்காட்சி முடிந்து இரண்டு படங்கள் விற்றுப்போயின. ஐந்தாவது படத்தை ஒருவர் கேட்டார். மற்றவற்றில் இருக்கும் எண்கள் இதில் மட்டும் ஏன் இல்லை என்றும் கேட்டார். இர்ஃபான் அதை விற்பதில்லை என்று சொல்லிவிட்டான். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் மைமூன் பேசினாள். பிள்ளைகளின் பரீட்சை, கூரை ஒழுகியது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “பக்கத்துத் தெருக்காரரு போட்டுல ஆளு கேட்டாங்க மச்சான். அவுகளும் போறாக. எங்க போறாகன்னு கேட்டா, ‘கடலுக்கு’ங்கிறாக” என்றாள்.

எங்கே என்று எனக்குத் தெரியும். இர்ஃபானுக்கும் தெரியும். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. நேற்று அந்தப் படத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.